மின்சாரமில்லாத ஒரு வாரம்: ஹூஸ்டன் தமிழ் வீடுகளுக்கு ஹரிகேன் கால வழிகாட்டி

2024 ஜூலை 8 அதிகாலை, பெரில் புயல் டெக்சஸில் மேட்டகோர்டா அருகே கரையேறியது. ஹரிகேன் தரவரிசையில் அது முதல் வகை, அதாவது ஆகக் கீழ்ப்படி. "கேட்டகரி ஒன்றுதானே" என்று பலர் அலட்சியமாக இருந்தார்கள். போதாக்குறைக்கு ஜூலை 4 விடுமுறை வாரம். புயல் மெக்சிகோ பக்கமோ தெற்கு டெக்சஸ் பக்கமோ போகும் என்றுதான் முதலில் சொன்னார்கள். கடைசியில் பாதை வடக்கே நகர்ந்து ஹூஸ்டனைப் பிடித்தது. அன்று பகலுக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. சில பேட்டைகளுக்குக் கரண்ட் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எந்தப் பக்கம் விளக்கு எரிகிறது என்று அறிய, வாட்டாபர்கர் என்ற உணவகத்தின் செயலியில் எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பாக இருந்தாலும், அந்த வாரம் அதைவிட உபயோகமான வரைபடம் கிடைக்கவில்லை.

காற்று அடிப்பது சில மணி நேரம். நாம் பொருள் சேர்ப்பது அதன்பின் வரும் வாரத்துக்கு: ஏசி கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது, பெட்ரோல் பங்க் வேலை செய்யாது, ஜூலை வெயில் மட்டும் தவறாமல் வரும். என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது என்ற மூன்று கேள்விகளையும் அந்த வாரத்தை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: இருப்பதா, கிளம்புவதா

பட்டியல் எழுதும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். ஹூஸ்டன், கால்வெஸ்டன் பகுதியில் கடலலை புகக்கூடிய இடங்களை அஞ்சல் குறியீட்டை வைத்து ஸிப் ஸோன் என்று பிரித்திருக்கிறார்கள்: கடலோர மண்டலம், பிறகு ஏ, பி, சி. உங்கள் வீடு இவற்றில் ஒன்றில் இருந்து, கிளம்பச் சொல்லி உத்தரவும் வந்தால், வீட்டில் எத்தனை மூட்டை அரிசி இருந்தாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டுக்குத் தேவை காரில் ஏற்றத் தயாராக இருக்கும் இரண்டு பெட்டிகள்.

கேட்டி, சுகர்லேண்ட், சைப்ரஸ் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த மண்டலங்களுக்கு வெளியே. அவர்கள் பயந்து சாலையில் இறங்கினால், கடலோரத்திலிருந்து உண்மையிலேயே தப்பி வருபவர்களின் வழியைத்தான் அடைக்கிறார்கள். 2005-இல் ரீட்டா புயலின்போது அதுதான் நடந்தது. லட்சக்கணக்கான கார்கள் நெடுஞ்சாலையில் நின்று, எரிபொருள் தீர்ந்து, வெயிலில் வெந்தன. டெக்சஸில் புயலால் இறந்தவர்களைவிட அந்தப் பயணத்தில் இறந்தவர்கள் அதிகம். ஆனால் மண்டலத்துக்கு வெளியே இருந்தாலே வெள்ளம் வராது என்று எண்ணிவிடக் கூடாது. 2017-இல் ஹார்வி நகராமல் நின்று கொட்டியபோது, மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் 60 அங்குலத்துக்கும் மேல் மழை பதிவானது. ஓடையோ நீர்த்தேக்கமோ அருகில் இருந்தால், வீட்டை விற்றவர் போட்ட வர்ணனையை விட்டுவிட்டு வெள்ள வரைபடத்தைப் பாருங்கள்.

புயலின் வகை எண்ணை மட்டுமே நம்பிவிடவும் வேண்டாம். அது காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. மழையும் கடலலை ஏற்றமும் அந்தக் கணக்கில் இல்லை.

படி 2: எப்போது எதை வாங்குவது

பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வரும். எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் வாங்கப் போனால் தண்ணீர் அலமாரி காலியாக இருக்கும், மனமும் பதறும். மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை, கெட்டுப்போகாததும் விலை கூடியதும். டெக்சஸில் ஏப்ரல் கடைசி வாரயிறுதியில் அவசரகாலப் பொருட்களுக்கு விற்பனை வரி கிடையாது. 3,000 டாலருக்குக் குறைந்த ஜெனரேட்டர், 75 டாலருக்குக் குறைந்த பேட்டரி, டார்ச், ஐஸ் பெட்டி, கார்பன் மோனாக்சைடு அலாரம் எல்லாம் அதில் வரும். ஜெனரேட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தச் சமயம்தான் சரி.

மயாமியில் உள்ள தேசியப் புயல் மையம், புயல் உருவாகும் வாய்ப்பை ஏழு நாள் முன்னதாகவே வரைபடத்தில் காட்டுகிறது. மெக்சிகோ வளைகுடாவிலோ கரீபியனிலோ நிறம் தெரிந்தால் அது இரண்டாம் கட்டம். உணவு, மருந்து, பெட்ரோல் எல்லாம் அப்போதே. அந்த மையம் வெளியிடும் கூம்பு வடிவப் படத்துக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதி அடைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூம்பு காட்டுவது புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டுமே. மூன்றில் ஒரு தடவை மையமே கூம்பைத் தாண்டிப் போகும். காற்றும் மழையும் அதற்கும் வெளியே பரவும்.

காற்று வருவதற்கு 48 மணி நேரம் முன்பு கண்காணிப்பு அறிவிப்பு, 36 மணி நேரம் முன்பு எச்சரிக்கை. எச்சரிக்கை வந்தபின் கடைக்குப் போவது கடைசிக் கட்டம். அப்போது வாங்க ரொட்டி, வாழைப்பழம், ஐஸ் தவிர எதுவும் மீதி இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஹெச்-இ-பி-யில் ரொட்டி அலமாரி காலியாகிவிடும், இந்தியன் ஸ்டோரில் அவல் மட்டும் அடுக்கடுக்காக இருக்கும். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு உள்ள அனுகூலம் அது.

படி 3: தண்ணீர்

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன். குடிக்கவும் சமைக்கவும் பல் தேய்க்கவும் அது போதும். மூன்று நாளுக்காவது வேண்டும் என்பது அரசு சொல்லும் குறைந்தபட்சம். பெரில் பார்த்தபின் நான் ஏழு நாள் என்று சொல்வேன். நால்வர் வீட்டுக்கு 28 காலன். 40 பாட்டில் கொண்ட ஒரு கட்டில் ஐந்து காலனுக்குச் சற்று மேல் இருக்கும், ஆகவே ஆறு கட்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் எட்டு கட்டு.

அத்தனையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள எவர்சில்வர் குடம், பெரிய பாத்திரம், தெர்மோஸ் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி முந்தைய நாள் குழாய்த் தண்ணீர் பிடித்து மூடி வைக்கலாம். பால் வந்த பிளாஸ்டிக் ஜாடி மட்டும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் பாலின் மிச்சம் தங்கிக் கிருமி வளர்க்கும். பாட்டில்களில் முக்கால் பங்கு நிரப்பி ஃப்ரீஸரில் காலி இருக்கும் இடமெல்லாம் அடுக்குங்கள். முதலில் ஐஸ் கட்டி, அப்புறம் குடிநீர்.

குளியல் தொட்டியை நிரப்புவது கழிவறைக்கு. இன்றைய கழிவறைகள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1.6 காலன் எடுக்கும். வாளியில் மொண்டு ஒரே வீச்சில் ஊற்றினால் ஃப்ளஷ் ஆகிவிடும். அமெரிக்க அண்டை வீட்டார் இதற்கென்று தனியாக வாளி வாங்க ஓடுவார்கள். நம் வீடுகளில் வாளியும் மக்கும் ஏற்கெனவே இருக்கும். அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருப்பவர்கள் தொட்டியை மறக்கவே கூடாது. கரண்ட் போனால் பம்ப் நிற்கும்.

கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நகராட்சி அறிவித்து, அடுப்பும் இல்லாவிட்டால், வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் உதவும். 5 முதல் 9 சதவீதம் வீரியமுள்ள பிளீச்சில் காலனுக்கு 8 சொட்டு, கலங்கலாக இருந்தால் இரண்டு மடங்கு. கலக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும். மை ஊற்றும் சொட்டுக்குழாய் ஒன்றையும் சேர்த்து வாங்கி வைத்தால் அந்த நேரத்தில் ஸ்பூனைத் தேட வேண்டாம். பெட்ரோலோ ரசாயனமோ கலந்த வெள்ள நீரை எதைச் செய்தும் குடிக்க முடியாது.

படி 4: சாப்பாடு

ஆங்கிலத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பார்த்தால் டப்பா சூப், டூனா, பீனட் பட்டர் என்று போகும். வீட்டில் யாரும் சாப்பிடாததை வாங்கி, நவம்பரில் குப்பையில் போடுவானேன்? நம் சமையலறையிலேயே புயலுக்கு ஏற்ற சாப்பாடு நிறைய இருக்கிறது. அதை அடுப்பே தேவைப்படாதது, சுடுதண்ணீர் போதுமானது, கொஞ்சம் சமைக்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகையில் அவல்தான் ராஜா. தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும். வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் குழந்தைகள் சாப்பிடுவார்கள், எலுமிச்சையும் ஊறுகாயும் சேர்த்தால் பெரியவர்கள். பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, கடலை மிட்டாய், தட்டை, முறுக்கு எல்லாம் இதே வகை. ஆனால் உப்பும் எண்ணெயும் கூடிய நொறுக்குகளை மட்டும் தின்றுகொண்டிருந்தால் தாகம் எடுத்துத் தண்ணீர்க் கணக்கு உதைக்கும். பருப்பு வேண்டுமென்றால் டப்பாவில் வெந்து வரும் கொண்டைக்கடலை, ராஜ்மா. காய்ந்த பருப்பை ஊறவைத்து வேகவைக்கத் தண்ணீரும் எரிவாயுவும் எவ்வளவு போகும் என்று யோசியுங்கள். டப்பா வாங்கினால், கையால் திருகும் டப்பா திறப்பானும் வேண்டும். மின்சாரத்தில் ஓடுவது அன்றைக்கு வெறும் அலங்காரம்.

இரண்டாவது வகைக்கு, வறுத்து வைத்த ரவை, சேமியா, உடனடி ஓட்ஸ், சத்துமாவு. ரவையை எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மிளகாயோடு சேர்த்து வறுத்து டப்பாவில் அடைத்தால், சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தாலே உப்புமா. ஈரம் போகக் கறிவேப்பிலையை மொறுமொறுவென்று பொரிக்க வேண்டும்.

மூன்றாவதில் சோறு. குக்கரில் அரிசி வைக்கும்போது எரிவாயு மிச்சமாகும். புயலுக்கு முந்தைய வாரமே புளிக்காய்ச்சல் காய்ச்சி, தக்காளித் தொக்கு கிளறி, பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் அரைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விடுங்கள். அவை இருந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும். ஒன்று சொல்லியாக வேண்டும்: புளியோதரையைக் கலந்து இரண்டு நாளுக்கு வைக்கும் பழக்கம் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. ஏசி இல்லாத வீட்டில் வெந்த சோற்றில் கிருமி வெகு சீக்கிரம் பெருகும். காய்ச்சலை வைத்துக்கொண்டு, வேளைக்கு வேளை புதிதாக வடித்துக் கலக்கவும்.

காய்கறியில் வெங்காயம், உருளை, பூசணி, வாழைக்காய், எலுமிச்சை வெளியிலேயே நிற்கும். கீரையும் கொத்தமல்லியும் முதல் நாளே தீர வேண்டும். பாலுக்குக் குளிர்சாதனம் தேவைப்படாத நீண்டநாள் அட்டைப்பெட்டிப் பால் அல்லது பால்பொடி. ஃபில்டர் காபிக்கு மின்சாரம் எதற்கு? ஃபில்டரும் சுடுதண்ணீரும் இருந்தால் டிகாஷன் இறங்கிவிடும். கைக்குழந்தை இருந்தால் பால்மாவு, டயப்பர் இரண்டும் இரண்டு வாரத்துக்கு.

காகிதத் தட்டை நான் வழக்கமாக ஆதரிக்க மாட்டேன். இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சரி, பாத்திரம் கழுவும் தண்ணீர் மிச்சம்.

படி 5: அடுப்பு

உங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பா, மின் அடுப்பா? பாதிப் பட்டியல் இதில் தீர்மானமாகும். குழாய் எரிவாயு பெரும்பாலும் புயலிலும் வரும். பர்னரைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். சில புதிய மாடல்கள் கரண்ட் இல்லாவிட்டால் எரிவாயுவையே அடைத்துவிடும். ஆகவே ஜூன் மாதமே ஒரு நாள் பிரேக்கரை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள். ஓவன் (பேக்கிங் அடுப்பு) பெரும்பாலும் இப்படிப் பற்றாது.

மின் அடுப்போ இண்டக்‌ஷனோ இருந்தால், பியூட்டேன் குப்பியில் எரியும் ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்றும் ஏழெட்டுக் குப்பியும் வாங்கி வையுங்கள். அதையும் கரி கிரில்லையும் வீட்டுக்கு வெளியே, கூரை அடைக்காத இடத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும். எந்த அடுப்பும் அறையைச் சூடாக்கவோ வெளிச்சத்துக்கோ அல்ல.

படி 6: வெளிச்சமும் மின்சாரமும்

மெழுகுவத்தியும் குத்துவிளக்கும் பூஜை நேரத்துக்கு மட்டும். காற்றடிக்கும் இரவில், தூக்கக் கலக்கத்தில், எரியும் சுடர் ஆபத்து. ஆளுக்கொரு நெற்றி விளக்கு வாங்கினால் இரண்டு கையும் சும்மா இருக்கும்; குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமைக்கலாம். பேட்டரி விசிறி ஹூஸ்டனில் ஆடம்பரமல்ல. பெரிலுக்குப் பின் வெயிலில் உயிரிழந்தவர்கள் உண்டு. பவர் பேங்க் இரண்டு, காரிலிருந்து சார்ஜ் எடுக்கும் கம்பி ஒன்று.

ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் ஆசைப்பட்டுப் பெரிதாக வாங்க வேண்டாம். 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்று ஃப்ரிட்ஜ், இரண்டு விசிறி, போன்களுக்குப் போதும். சின்ன ஜன்னல் ஏசியையும் அதில் மாறிமாறி ஓட்டி, எல்லோரும் ஒரே அறையில் தூங்கலாம். பெரியது பெட்ரோலைக் குடிக்கும், பங்க்கில் பெட்ரோலோ கிடைக்காது.

மூன்று விஷயத்தில் சலுகையே கிடையாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்க நிற்க வேண்டும். கராஜில் கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பேட்டரியில் ஓடும் அலாரம் படுக்கையறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவர் பிளக்கில் ஜெனரேட்டரைச் சொருகி வீடு முழுக்க ஓட்டலாம் என்று யூடியூபில் காட்டுவதைச் செய்யாதீர்கள். அந்த மின்சாரம் கம்பி வழியே வெளியே போய், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரைக் கொல்லும்.

பெட்ரோல்: ஜூன் முதல் காரில் அரை டாங்குக்குக் கீழே விடாதீர்கள். புயல் வளைகுடாவுக்குள் வந்ததும் முழுதாக நிரப்புங்கள்.

படி 7: மருந்து, காகிதம், ரொக்கம்

மருந்துச் சீட்டு மறுநிரப்பு எப்போது கிடைக்கும் என்று ஜூனிலேயே பார்த்து, இரண்டு வாரத்துக்குக் கையில் இருப்பு வைத்திருங்கள். இன்சுலின் 59 முதல் 86 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் 28 நாள் வரை வெளியில் தாங்கும். ஆனால் கரண்டில்லாத ஹூஸ்டன் வீடு 86-ஐ எளிதில் தாண்டும், ஆகவே சின்ன ஐஸ் பெட்டி ஒன்று, ஐஸில் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி. உறங்கும்போது சிபேப் என்ற மூச்சுக் கருவி மாட்டுபவர்கள், ஆக்சிஜன் எந்திரம் வைத்திருப்பவர்கள், நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் 211-ஐ அழைத்து பேரிடரில் உதவி தேவைப்படுவோருக்கான மாநிலத்தின் ஸ்டியர் பதிவேட்டில் பெயர் கொடுங்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோரின் மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் வேறு பெயர் இருக்கும். மூலப்பெயரைத் தாளில் எழுதி அவர்கள் பையிலேயே வையுங்கள்.

பேதி வந்தால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பாஸ்போர்ட், ஐ-797 (குடிவரவுத் துறையின் அறிவிப்புத் தாள்), ஓசிஐ அட்டை, காப்பீட்டுத் தாள்கள் எல்லாம் நீர் புகாத உறையில். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து மேகக்கணினியில் ஏற்றிவிடுங்கள். இன்னொன்று: வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைச் சேர்க்காது. அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தால் சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்தபின் வாங்கினால் அந்தப் புயலுக்கு அது உதவாது.

ரொக்கம் சிறு நோட்டுகளாக. அட்டை எந்திரம் ஓடாத கடையில் 100 டாலரை நீட்டினால் மீதி இருக்காது.

படி 8: கடைசி நாள்

ஃப்ரிட்ஜை ஆகக் குளிரான நிலைக்கு மாற்றுங்கள். துணிகளைத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் உறையவைத்து, அதன்மேல் 25 சென்ட் நாணயத்தை வைத்து ஃப்ரீஸரில் விடுங்கள். கிளம்பிப் போய்த் திரும்பினால், நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போடுங்கள்.

அரைத்த இட்லி மாவு ஃப்ரிட்ஜில் இருந்தால் அன்றே தோசையாக்கிவிடுங்கள். கரண்ட் போன ஹூஸ்டன் வீட்டில் அது ஒரே நாளில் புளித்துப் பொங்கி வழியும்.

படி 9: கரண்ட் போன பிறகு

மூடிய ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. குழந்தைகள் திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. கதவில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே என்னென்ன எந்தத் தட்டில் என்று எழுதினால் திறக்காமலே முடிவெடுக்கலாம். சாப்பிடும் வரிசை ஃப்ரிட்ஜ், ஃப்ரீஸர், கடைசியில் அலமாரி. பால், இறைச்சி, சமைத்த உணவு 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கொட்டிவிடுங்கள். கொட்டும் முன் படம் எடுங்கள். சில வீட்டுக் காப்பீடுகள் கெட்டுப்போன உணவுக்குப் பணம் தரும்.

படி 10: டிசம்பரில்

பருவம் முடிந்ததும் ஜெனரேட்டருக்கென்று கேனில் வைத்த பெட்ரோலைக் காரில் ஊற்றிவிடுங்கள், பழசானால் எந்திரத்தைக் கெடுக்கும். அவலும் ரவையும் பொங்கலுக்குள் தீர்ந்துவிடும். யாரும் தொடாத டப்பாக்களைத் தேதி முடியுமுன் ஹூஸ்டன் ஃபுட் பேங்கில் கொடுக்கலாம். எது மிஞ்சியது, எது பற்றாமல் போனது என்று ஒரு தாளில் எழுதி டார்ச் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், ஏப்ரலில் கடைக்குப் போகும்போது அதுவே பட்டியல்.